வாசலுக்கு இந்தப் பக்கம்

கதவு விரியத் திறந்துதான் இருந்தது. செமிசி மட்டும் உள்ளே போகாமல் நின்றான்.

அவன் தங்கை லுபே, டோங்கா தீவுகளின் தலைநகர் நுக்குஅலோஃபாவில் ஒரு கடற்கரை ஓட்டலில் மூன்று மாதம் தங்கி, தனக்குக் கொடுத்த அறையின் சுவரெல்லாம் படம் வரைந்து முடித்திருந்தாள். இன்றைக்குத்தான் ஊரைக் கூட்டிக் காட்டுகிறார்கள்.

பாதிரியார் பார்த்தாயிற்று. சமையல்காரர்கள் பார்த்தாயிற்று. காய்கறி இறக்க வந்த லாரி டிரைவர்கூடப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு போனான்.

கூடப் பிறந்தவன் பார்க்க வழியில்லை. தங்கை படுத்துறங்கும் அறைக்குள் அண்ணன் காலெடுத்து வைப்பதாவது! டோங்காவில் செத்தாலும் நடக்காது.

மாதா கோயிலுக்குப் போகும்போது வேட்டிக்கு மேல் கட்டிக்கொள்கிற நல்ல கோரைப்பாயை ஊர் வழக்கப்படி இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஹாபாய் தீவிலிருந்து ராத்திரிப் படகேறி ஓடி வந்தவன் அவன். வந்த சந்தோஷத்தில் இது புத்தியில் உறைக்கவே இல்லை. சாயங்காலம் படகு திரும்புகிறது. நாளைக்கு அந்த அறையில் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள்.

அவன் மனைவி ஓஃபாவுக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. உள்ளே போவதும், வெளியே வந்து ஒப்பிப்பதுமாக இருந்தாள்.

"நம்ம படகு இருக்குங்க. நீங்க தார் பூசி அடைச்சீங்களே ஓட்டை, அதுகூட இருக்கு."

"அடிப்பாவி, அதையுமா போட்டுட்டா!" அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தச் சுவத்துல? பெருசாவா?"

"எத்தனை தடவை சொல்றது? இவ்ளோ பெரிய உடம்பை வச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாத்தா கழுத்துதான் சுளுக்கும்."

நடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் நீலம்தான் தெரிந்தது. அவர்கள் வீட்டு வாசல் கடல், விடியற்காலையில். அவனுக்கு அது போதவில்லை.

லுபே உள்ளே ஜன்னலோரம் தலைகுனிந்து நின்றாள். அண்ணனிடம் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கமும் இல்லை. ஓஃபாவைப் பார்த்தே பேசினாள், வாசல்வரை கேட்கிற மாதிரி.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க. இந்த ரூம்ல நான் ஒரு ராத்திரிகூடப் படுக்கல. அண்ணன் வருமேன்னுட்டு, அந்தக் கோடியில துணி மடிக்கிற ரூம்லதான் இத்தனை நாளும் படுத்தேன்."

ஓட்டல்காரருக்கே அது தெரியாது.

செமிசி ஹோவென்று சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

லுபே வெளியே வந்து, அண்ணனுக்கு வழிவிட்டு, அவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டாள்.