உள்ளறையில் தூங்குகிறவர்

"மெதுவா பேசு தம்பி. உள்ள அவரு தூங்கறாரு. முழிச்சா உன்னையும் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு, என்னையும் ஆக்கிடுவாரு."

சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் குணசுந்தரி. பழைய ரெக்கார்டு பிளேயரின் முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஜெரால்டும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

அத்திப்பட்டுக்கு மேற்கே புது லேஅவுட். நாற்பது மனைக்கு நாலு வீடு. உள்ளே வரும்போதே வாசலில் கிடந்த பெரிய பூட்ஸையும், கொடியில் தொங்கிய அகலமான சட்டையையும் அவன் பார்த்திருந்தான். ஆள் சின்ன ஆள் இல்லை.

"சாருக்கு இன்னா வேலைக்கா?" என்று கிசுகிசுத்தான்.

"வள்ளூர் பவர் பிளான்ட்ல. மொத ஷிப்ட்டு முடிச்சுட்டு வந்து இப்பதான் படுத்தாரு. ராத்திரி பூரா ஊட்லதான் இருப்பாரு. கோவம் வந்தா கைல கெடைச்சத எடுத்து வீசுவாரு. நீ வேலையப் பாரு."

"மிஷினு இன்னா பண்ணுது?"

"ரெக்கார்டுத் தட்டு முடிஞ்சதும் இந்த ஊசிக் கை தானா தூக்கி, திரும்பி வந்து, மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ரெண்டு நாளா பாதி வழியில அந்தரத்துல நிக்குது. இருட்டறதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுப்பா. ரெண்டு ராத்திரியா நான் கண்ணு மூடல."

"இதுக்கா இம்மாம் பேஜாரு? ஒரு நாளு தட்டு ஓடலன்னா ஆவாதா?"

"ஆவாது."

சொல்லிவிட்டு அவள் மறுபடி அறைக் கதவைப் பார்த்தாள். பாவம், எத்தனை அடி வாங்கியவளோ என்று நினைத்துக்கொண்டு ஜெரால்ட் மிஷின் மேல் குனிந்தான்.

சுழலும் வட்டைக் கழற்றினான். அடியில் பெரிய பல்சக்கரம். அதன் பள்ளத்தில் ஓடும் லீவர்தான் கையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நாற்பது வருஷத்துக் கிரீஸ் பிசினாக இறுகி அதை அசையவிடாமல் பிடித்திருந்தது.

"பெரிய ரிப்பேரு இல்லக்கா. கிரீஸ் கெட்டியாயிடுச்சு."

பெட்ரோல் நனைத்த துணியால் சுரண்டித் துடைத்தான். புதுக் கிரீஸைப் பொட்டு மாதிரி வைத்தான். மாட்டும்போது ஒரு வாஷர் கை நழுவி டைல்ஸில் விழுந்து கிணுகிணுவென்று ஓடியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அறைக்குள் சத்தமே இல்லை.

"கையில வெண்ணெயத் தடவிக்கினு வந்தியா நீ?" என்று பல்லைக் கடித்தாள்.

"உன் பயத்துல என் கையும் ஆடுதுக்கா. ஒரு தபா தட்டு போட்டுப் பாத்துட்டா கெளம்பிடுவேன்."

"ஐயையோ, போடாத! ஸ்பீக்கரு உள்ள அவரு தலமாட்டுல கீது. நான் அப்பறமா பாத்துக்கறேன். நீ போ தம்பி."

வெளியே கேட் கடகடவென்று ஆடியது. பைக்கில் இரண்டு பேர்.

குணசுந்தரியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நேத்தும் வந்தானுங்க. தண்ணி வேணும்னு கேக்கறானுங்க, கண்ணு மட்டும் ஊட்டுக்குள்ளயே மேயுது" என்று முனகிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

மிஷின் ஓடுகிறதா என்று பார்க்காமல் விட்டுப் போக ஜெரால்டுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் கிடந்த தட்டை வைத்து, சுவிட்சைப் போட்டு, கையைத் தட்டின் கடைசிவரைக்கும் தள்ளினான். கை மெல்ல எழும்பியது. நிற்காமல் திரும்பி வந்தது. ஊசி தட்டைத் தொடுவதற்குள் பிடித்துவிடலாம் என்று அவன் விரலை நீட்டுவதற்குள் அது இறங்கிவிட்டது.

"எவன்டா அது வாசல்ல?" அறைக்குள்ளிருந்து கதவு அதிர ஒரு குரல் இடித்தது. "எழுந்து வந்தேன்னா காலை ஒடிச்சுடுவேன்! ஏய், அந்த அருவாளை..."

"சா... சார், நான் மெக்கானிக்கு..."

ஜெரால்ட் கதவைப் பார்த்துக் கெஞ்சினான். அவருக்கு இருக்கிற கோபத்தில் தட்டும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகுமோ என்று பதறி, ஊசியைத் தூக்கினான்.

குரல் பாதியில் அறுந்தது.

ஊசியை இறக்கினான். "...எடுடீ!" என்றது அறை. மறுபடி தூக்கினான். நிசப்தம். தட்டின் நடுவே பழைய லேபிளில் 'நாடக வசனம்' என்று மங்கலாகத் தெரிந்தது. எழுந்துபோய்க் கதவைத் தள்ளினான். மெத்தைகூட இல்லாத கட்டில். தலைமாட்டில் ஒரு ஸ்பீக்கர்.

திரும்பினான். கேட்டைப் பிடித்தபடி குணசுந்தரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரிடமும் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கும்பிட்டபடி.

ஜெரால்ட் ஊசியை முதலிலிருந்து ஓடவிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து, பைக்கில் வந்தவர்களின் காது கிழிய வீட்டைப் பார்த்துக் கத்தினான்:

"சார், சார், கோவப்படாதீங்க சார்! அருவாளக் கீழ வைங்க, நான் கெளம்பிக்கினே இருக்கேன்!"