ஆடாத முனை

அரவேணு பஜார் ஸ்டேஷனரி கடையில் சுகுணா மூன்றாவது மெக்கானிக்கல் பென்சிலாலும் ஸ்கேலை ஒட்டிக் கோடு இழுத்தாள்.

“முனை ஆடுதுங்க. வேற காட்டுங்க.”

“ஏம்மா, தேயிலைக் கொழுந்து பறிக்கிற கைக்கு இஞ்சினியர் பென்சில் எதுக்கு? படிக்கிற புள்ளைய அனுப்புங்க,” என்றார் கடைக்காரர் கீர்த்திவாசன்.

நான்காவது பென்சில் ஆடவில்லை. கோடு முடிபோல மெலிதாக விழுந்தது.

“இதைக் குடுங்க.”

“புள்ள எந்தக் காலேஜுங்க?”

“எனக்குத்தான். சர்வே படத்துல நாங்க குடியிருக்கிற எஸ்டேட் லயத்தைக் காலி இடம்னு போட்டு, இடிக்க வர்றாங்க. பதினாறு வீட்டையும் நானே அளந்து வச்சிருக்கேன், இனிப் படமா வரையணும். கோடு பட்டையா விழுந்தா எங்க சந்து மறைஞ்சிடும்.”

“நீங்க வரைஞ்சா ஆபீசர் ஒத்துக்குவாருங்களா?”

“ஒத்துக்கலைன்னா, ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டிப் பார்த்துட்டு அவரே அழிக்கட்டும்.”