ஒரே டேக் அக்கா

"அக்கா, குஷியாப் பாடுங்க! கடைசி வரியில ஒரு சிரிப்பு தெரியணும்!"

இசையமைப்பாளர் ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று குதித்துக்கொண்டிருந்தார். பாட்டு சாயங்காலமே வெளியாக வேண்டும். மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

போன மாதம் எரிந்துபோன தையல் கம்பெனியைப் பற்றிய பாட்டு அது. வேலை நேரத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்று கதவை வெளிப்பக்கம் பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பெண்களில் ஒருத்திகூடத் தப்பவில்லை.

"செய்தியைப் படிச்சதும் அழுதுட்டேன்" என்று காலையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "அழுதுகிட்டே இருக்கேன், பீட் வந்துடுச்சுப்பா!"

பீட் என்னவோ பிரமாதம்தான். டீ கொண்டுவந்தவர்கூட ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனார்.

கோரஸ் பாடும் அக்காவுக்கு அந்த ஸ்டுடியோவில் 'ஒரே டேக் அக்கா' என்று பெயர். இரண்டாம் தடவை பாடி யாரும் பார்த்ததில்லை. அன்றும் சரணங்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். சிக்கல், கதவு தட்டும் சத்தத்தோடு தொடங்கும் பல்லவியில் வந்தது.

"தட்டு தட்டு, கதவைத் தட்டு!
பட்டாம்பூச்சி றெக்கை சுட்டு!"

முதல் தடவை சுருதி விலகியது. அடுத்த தடவை இருமல். அதற்கடுத்தது சுத்தமாக வந்தது, ஆனால் உயிரே இல்லை.

"என்னக்கா, எழவு வீட்டுல பாடற மாதிரி இருக்கு?"

"செத்தவங்களைப் பத்தின பாட்டுதானே சார்?"

"செத்தவங்களைப் பத்திதான்! ஆனா ஜனங்க ஆட வேணாமா?"

அவர் சவுண்ட் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "நீ மெஷின்ல சரி பண்ணிடுப்பா."

ஹெட்போனும் தானுமாகக் குனிந்திருந்த இன்ஜினியர் நிமிரவில்லை. "சுருதின்னா இழுத்து விட்டுடலாம் சார். சிரிப்புக்கு நான் எங்கே போறது?"

"நகருங்கக்கா, நானே பாடறேன்!"

பாடினார். பாடியதைப் போட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

பிறகு கோபம் அக்கா மேல் திரும்பியது.

"வயசாயிடுச்சுன்னா சொல்லிடுங்க. அடுத்த மாசம் வெளிநாட்டுக் கச்சேரிக்கு வேற குரலைப் பார்த்துக்கறேன்."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. கச்சேரி நடக்கும் ஊரில்தான் மகள் இருக்கிறாள். பேரனை இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறார். பெட்டிகூடக் கட்டி வைத்தாயிற்று.

"இன்னொரு தடவை பாடறேன் சார்."

பாடினார். முன்னதைவிட மோசம்.

"போதும்! வரியையே தூக்கு! கதவு தட்டற சத்தத்தையும் தூக்கு! அந்த இடத்துல டிரம்பெட் போடு!"

கத்திவிட்டு ஒரு நொடி நின்றார். கண் விரிந்தது.

"டிரம்பெட்! அடடா, இது அதைவிட ஹிட்டுப்பா!"

டிரம்பெட்காரருக்குப் போன் போட்டபடி வெளியே ஓடினார். வாசலில் மட்டும் ஒரு கணம் திரும்பினார். "அக்கா, நீங்க கச்சேரிக்கு வர வேணாம்."

அக்கா தண்ணீர் பாட்டிலையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார். இன்ஜினியருக்கு மனசு கேட்கவில்லை.

"என்னக்கா இது? தூக்கத்துல எழுப்பினாலும் பாடிடுவீங்களே! பேரனைப் பார்க்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தீங்க..."

"அவன் எங்கே போயிடப் போறான்? அப்புறம் பார்த்துக்கலாம்." அக்கா பையை மாட்டிக்கொண்டார். "நீ மிக்ஸிங்னு உட்கார்ந்தா ஒரு வரியை எத்தனை தடவை போட்டுக் கேப்பே?"

"அதுக்குக் கணக்கே இல்லைக்கா. விடிய விடியக் கேட்கணும்."

"அதான்."

இன்ஜினியருக்குப் புரியவில்லை. அக்கா அவன் தோளில் கை வைத்தார்.

"போன மாசம் லீவு கேட்டு இதே இடத்துல அழுதுகிட்டு நின்னே. 'அடப் பாவமே'ன்னு சொன்ன மனுஷன் அன்னைக்கே மறந்துட்டாரு. பக்கத்துல நின்ன எனக்கு மறக்கலை. அந்தக் கதவை உன் பொண்டாட்டி தட்டினதை நீ விடிய விடியக் கேட்க வேணாம், தம்பி."