முழுசா ஒரு நிமிஷம்

மார்கழிப் பனியில் நனைந்திருந்த ஜீவாவின் படத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். பிளெக்ஸைத் துடைக்க எத்தனையோ பழைய துணி கிடக்க, போட்டிருக்கும் துப்பட்டாவாலா துடைப்பார்கள்? மேடையில் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரி முன்னால் நகர்ந்து உற்றுப் பார்த்தாள்.

ஜீவா அவளுடைய ஒரே பிள்ளை. பாரிவாக்கம் கபடி அணியில் ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்பாதவன். போன வருஷம் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பூந்தமல்லி ரோட்டில் ஏதோ ஒரு வண்டி அவனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்தப் பாழாய்ப்போன வண்டி இன்றுவரை அகப்படவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் சோறு தின்றுகொண்டே, "பொங்கலு முடியட்டும்மா, ஒருத்திய ஊட்டுக்கு இட்டுகினு வரேன்" என்று சிரித்தான். யார், எந்த ஊர், ஒன்றும் சொல்லவில்லை. சாவுக்கு வந்த கூட்டத்தில் அவளைத் தேடினாள் சாமுண்டீஸ்வரி; காரியத்திலும் தேடினாள். தன் பிள்ளைக்காக அழ இன்னொருத்தி இருக்கிறாள், அவளைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை அழ வேண்டும். இந்தக் கட்டைக்கு அந்த ஆசை ஒன்றுதான் மிச்சம்.

"கிருஷ்ணப்பிரியா! ஸ்பான்சர் பேனர் எங்கம்மா?"

மைக் மேசையிலிருந்து கத்தியவன் ஸ்ரீராம். ஜீவா நினைவுக் கோப்பையை இந்த வருஷம் எடுத்து நடத்தும் அம்பத்தூர் விளம்பரக் கம்பெனியின் மேனேஜர். அந்தப் பெண் அங்கே மூன்று மாத இன்டர்ன்.

"தோ வந்துட்டேன் சார்!"

அப்பப்பா, என்ன ஓட்டம்! பன்னிரண்டு அணிக்கும் ஜெர்சி பிரித்துக் கொடுத்தாள். பேனரில் தன் போட்டோ சின்னதாகிவிட்டதென்று குதித்த ஹாலோ பிளாக் முதலாளியைச் சமாதானம் செய்தாள். நடுவில் ரீல்ஸ் எடுத்தாள். கோட்டுக்குச் சுண்ணாம்பு போட வேண்டிய ஆள் வராமல் போக, அதையும் குனிந்து தானே போட்டாள். மதியம் வரை பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை.

சாமுண்டீஸ்வரிதான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, தனக்குக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"துன்னும்மா. இப்டி ஓடுனா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? உங்க ஊட்ல யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அம்மா இல்ல. அப்பா மட்டும்தான்."

"அவுரு இன்னா பண்றாரு?"

"ஒரு வருஷமா வெளியவே வர்றதில்லம்மா. கதவ சாத்திகினு ஊட்லயே கெடக்குறாரு."

"ஐயோ பாவம், சீக்கா?"

அவள் தலை குனிந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வீடு வாசப்படி என்று பெருமூச்சு விட்டாள் சாமுண்டீஸ்வரி.

பைனலுக்கு முன்னால்தான் வம்பு வந்தது. கையிலிருந்த பட்டியலைப் பார்த்தபடி, "மௌன அஞ்சலி இருவது செகண்ட் போதும், ஸ்பான்சர் வீடியோ ஓடணும்" என்றான் ஸ்ரீராம்.

"முழுசா ஒரு நிமிஷம் வேணும் சார்."

"ஏம்மா, பெரிய பெரிய மேட்ச்செல்லாம் இருக்கச்சொல்ல, பாரிவாக்கம்தான் வேணும்னு அழுது கேட்டு வாங்கினே. இப்ப என் பொழப்புக்கே உலை வெக்கிறியே! சர்டிபிகேட் கெடைக்காது, பாத்துக்கோ."

"வேணாம் சார். நாளைலேர்ந்து வராதன்னு கூட சொல்லிடுங்க. அவருக்கு அந்த ஒரு நிமிஷத்த குடுத்துடுங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே மைக்கை எடுத்து எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டாள். விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட அடங்கிப்போனார்கள். கூட்டமே கண்ணை மூடியிருக்க, சாமுண்டீஸ்வரி மட்டும் அவளையே பார்த்தாள். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள் அந்தப் பெண்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இவள்தான், சந்தேகமே இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா?

பைனலுக்கு விசில் ஊதியதுதான் தாமதம், அவளை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் சாமுண்டீஸ்வரி. ஒரு வருஷமாகத் தேக்கி வைத்த அழுகை அணை உடைந்து கொட்டியது.

"எங்கிட்ட இன்னாத்துக்கு கண்ணு ஒளிக்கிற? எம்புள்ள இட்டுகினு வரேன்னு சொன்னது உன்னதானே? காலைலயே தெரிஞ்சிபோச்சு எனக்கு. அந்த மகராசன் போய்ட்டா இன்னா, நீ எம் பொண்ணுமா. ஊட்டுக்கு வா. உங்கப்பாவையும் இட்டுகினு வா, நானே பாத்துக்குறேன்."

கிருஷ்ணப்பிரியா அந்தப் பிடியிலிருந்து நழுவி, அப்படியே மண்ணில் சரிந்து சாமுண்டீஸ்வரியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா... நான் அவர பாத்ததே இல்லம்மா."

சாமுண்டீஸ்வரி திகைத்துப் போனாள். "அப்பறம் எதுக்குமா இப்டி அழுவுற? யாரும்மா நீ?"

மைதானத்தில் யாரோ பாயின்ட் எடுத்த ஆரவாரத்துக்கு நடுவே, பிடித்த காலை விடாமல் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நிக்காம போன வண்டிய ஓட்டுனது எங்கப்பாம்மா."