இரண்டு முழம் தள்ளி

வரிசையில் மரியசூசைக்கு முன்னால் இன்னும் நாலு பேர்தான்.

பீடத்தின் அடியில் புதுச்சாமியார் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தபடி நின்றார். நேற்று மதுரையில் ஆயர் ஆண்டகை எண்ணெய் பூசிக் குருவாக்கிய கைகள். சொந்த ஊரில் முதல் பூசை முடிந்ததும் சனங்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கைகளில் முத்தமிட வேண்டும். அதுதான் முறை.

முறையெல்லாம் சரிதான். ஆனால் புதுச்சாமியார் யார்? கீழத்தெருச் சின்னப்பன் மகன் பாக்கியநாதன். மரியசூசையோ பெரிய வீட்டுக்காரர். கோவிலைக் கட்டியதே அவருடைய பாட்டனார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து இரண்டு வருடமாகிவிட்டது. பெரிய வீட்டு ஆண்கள் மட்டும் இன்னும் யாரோடும் வரிசையில் நின்றதில்லை.

காரைக்குடியிலிருந்து வந்த மைக்செட்டுக்காரன்கூட வேலையை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தான். பார்க்கட்டும். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் வந்திருந்தார்.

இருபது வருடத்துக்கு முன்பு, திருவிழா அசன விருந்தில், சின்னப்பன் மகன் ஒருவன் தாகம் தாங்காமல் பெரிய வீட்டுத் தண்ணீர் அண்டாவில் கையை விட்டுவிட்டான். எட்டோ பத்தோ வயதிருக்கும். மரியசூசை அடுப்பிலிருந்த குழம்புக் கரண்டியை எடுத்தார். விட்ட கையை விரிக்கச் சொன்னார்.

அந்த அலறல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தார். சாமியார்கள் செபம் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். மனசு அடங்கினால்தானே? சின்னப்பன் மகன் குருமடத்தில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்தார். அந்தத் தழும்பின்மேல் முத்தமிட வேண்டும். பாக்கியநாதா, என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். சொல்லாமலே செத்துவிடுவோமோ என்று பயம். வயது எழுபது.

பின்னால் நின்றவன் இரண்டு முழம் தள்ளியே நின்றான். பெரிய வீட்டு ஆட்கள் இருந்தால் கீழத்தெருக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். மரியசூசை திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் முறை வந்தது.

குனிந்தார். வலது உள்ளங்கை வழவழவென்று இருந்தது. இடது கையைப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. எண்ணெய் வாசனை மட்டும் வந்தது.

எதைத் தேடுகிறார் என்று சாமியாருக்குப் புரிந்துவிட்டது.

“சூடு வாங்குனது எங்க அண்ணங்கய்யா. நாச்சியாபுரம் சூளையில வேலை பாக்குறாக. இந்தா, உங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறாக.”

சேசுவே! கரண்டியை எடுத்தவர் அன்றைக்குப் பையனின் முகத்தைப் பார்க்கவே இல்லையே. பெரிய வீட்டுக்கு அவர்கள் எல்லோரும் சின்னப்பன் மகன்தான்.

திரும்பினார்.

சாமியார் கையில் முத்தமிடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அபிஷேகம் பண்ணிய கை, யாரும் குனியலாம். இவனோ செங்கல் அறுக்கிறவன். வெளுத்த சட்டை போட்டிருந்தாலும் நகக்கண்ணில் செம்மண் போகவில்லை.

மரியசூசை ஓர் அடி எடுத்து வைத்தார். அவன் வழக்கம்போல ஓர் அடி பின்னால் போனான். இன்னோர் அடி வைத்தார். அவனும் போனான். அதற்குமேல் கூட்டம் நெருக்கியது. அவனுக்குப் போக இடமில்லை.

அந்தக் கையைப் பிடித்து விரித்தார். கரண்டி அளவுக்கு வட்டமாகத் தழும்பு இருந்தது.

இத்தனை வருடமாக மனப்பாடம் பண்ணிவைத்த வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தார். அவை ஒரு பேரில் தொடங்கின. அது இவன் தம்பியின் பேர்.

“உங்க பேரு என்னப்பா?” என்று கேட்டார் மரியசூசை.