மன்னார்ப் பாரை

“நஜீம் நானா, நீங்கள் எனக்குத் தந்தது எங்கட கடல் மீனில்லை.”

மேனுகா மெதுவாகத்தான் சொன்னாள். புதுக்குடியிருப்பு மீன்சந்தையில் மெதுவாகச் சொல்வதுதான் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும்.

முல்லைத்தீவுக் கடல் பாரையும் மன்னார்க் கடல் பாரையும் ஒரே கூட்டமா, வேறு வேறா என்பது பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வு. அதற்காகவே அடிக்கடி இங்கே வந்து, மீன் செட்டையில் சிறு துண்டு வெட்டிப் போத்தலில் போட்டுக்கொண்டு போவாள். மரபணுவைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறுதான். ஆனால் நஜீம் ஒருநாள் கொடுத்த மீன்கள் மட்டும் மன்னார்க் கூட்டத்தோடு போய் நின்றன. மொத்த ஆய்வும் சந்தேகமாகிவிட, பேராசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நஜீம் செதில் சீவுவதை நிறுத்தினார்.

“ஓம் தங்கச்சி. அது மன்னார் மீன்தான். ஐஸ் லொறியில வந்தது.”

“அப்ப ஏன் எங்கட வள்ளத்தில வந்ததெண்டு சொன்னனீங்கள்?”

“பொய்தான் சொன்னனான். என்னிலதான் பிழை.”

அன்றன்று பிடித்த மீன் என்று பெயரெடுத்த கடை அது. ஒருவர் கையிலிருந்த பாரையைத் திரும்ப வைத்துவிட்டு, எத்தனை நாளாக இது நடக்கிறதோ என்று முணுமுணுத்தபடி போனார். பக்கத்துக் கடை நேசமலர் தலை நிமிராமல் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

மேனுகா பஸ்ஸுக்கு நின்றபோது அந்த நேசமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“கடல் கொந்தளிச்ச அண்டைக்கு நீர் வந்து நிண்டது ஞாபகமிருக்கோ, பிள்ளை?”

இருந்தது. அன்று ஒரு வள்ளமும் போகவில்லை. வெறுங்கையோடு போனால் ஆய்வே நின்றுவிடும் என்று அழாக்குறையாகச் சொன்னாள். மத்தியானம் நஜீம் ஒரு பெட்டியோடு வந்து, தூரத்துத் துறையில் ஒரு வள்ளம் வந்ததாம் என்றார். அவளும் சந்தோஷமாக நம்பினாள்.

“உம்மட முகத்தைப் பாத்திட்டுத்தான் மனுசன் மோட்டார் சைக்கிள்ள ஓடிப்போய் லொறிக்காரனிட்ட வாங்கினது.”

“மிச்சத்தை வித்திருப்பார்தானே அக்கா?”

நேசமலர் சந்தைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நீர் போனாப் பிறகு நாங்கள் எல்லாரும் அந்த லொறியிலதான் மீன் எடுத்தனாங்கள். எங்கட கடல் மீனெண்டு சொல்லித்தான் வித்தனாங்கள். அவர் மட்டும் அண்டைக்குக் கடையே திறக்கேல்லை.”