பிரகாசி வீட்டுத் துக்கமணி

பிரகாசியின் கழுதை விடியற்காலையில் செத்துப்போனது. அவளுக்கு வேறு யாரும் இல்லை, பிள்ளைகளே. பதினாறு வருடமாக அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் யார் இறந்தாலும் மாதா கோயிலில் துக்கமணி அடிப்பார்கள்; கேட்டவர்கள் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவள் நேரே மணியடிக்கிற சந்தியாகுவிடம் போய்க் கேட்டாள்.

"கழுதைக்கா? சாமியார் என்னைக் கொன்னே போடுவாரு, மதினி."

"ஏன், ஏசுசாமி எருசலேமுக்கு உங்க அப்பன் முதுகுலயா ஏறிப் போனாரு?"

அவன் சிரித்துவிட்டான். "இருந்தாலும், அதுக்கு ஆத்துமா இல்லியே."

"எனக்கு இருக்குல்லா? எனக்காவ அடி."

சந்தியாகு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பிடித்தான்.

யாருக்கு என்று கேட்டவர்களிடம், "பிரகாசி வீட்டுல" என்று மட்டும் சொன்னான். அவள்தான் போய்விட்டாள் என்று ஊரே மாலையும் அழுகையுமாகத் திரண்டு வந்தது. கழுதையின் கண்ணில் மொய்த்த ஈயை முந்தானையால் விரட்டிக்கொண்டு பிரகாசி உயிரோடு இருப்பதைக் கண்டதும் அழுகை நின்றது. முன்னால் வந்தவர்கள் மாலையைப் பின்னால் மறைத்தார்கள். பிரகாசி எழுந்து உள்ளே போய், வீட்டிலிருந்த ஒரே பாயைக் கொண்டுவந்து கழுதையின் பக்கத்தில் விரித்தாள்.

"உக்காருங்க" என்றாள்.